ரீயூனியனில் ஜியோகேச்சிங்: அம்பு காட்டும் தூரமும் கால் நடக்கும் தூரமும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே கிடக்கும் ரீயூனியன், பிரான்ஸின் கடல் கடந்த மாவட்டம். பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள்ளேயே 3,070 மீட்டர் உயரத்தில் அடங்கிப்போன பித்தோன் தே நேஜ், 2,632 மீட்டரில் இன்னமும் குமுறிக்கொண்டிருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்று இரண்டு எரிமலைகள் இருக்கின்றன. முதல் மலை அரிபட்டு, சரிந்து உண்டான மஃபாத், சிலாவோஸ், சலாஸி என்ற மூன்று பெரும்பள்ளங்களும் சேர்ந்துதான் தீவின் நடுப்பகுதி. ஜியோகேச்சிங் பழகியவர்களுக்கு இது ஆசை காட்டும் இடம். வேறு ஊரில் பழகிய பழக்கத்தோடு வந்தால் முதல் நாளே முட்டி பெயரும் இடமும் இதுதான்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 2000 மே 2 அன்று அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்துவைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்தார். அவ்வளவுதான் கதை. ஒருவர் டப்பாவை ஒளிப்பார்; அந்த டப்பாவுக்குக் கேச் என்று பெயர். மற்றவர் எண்களை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்தபடியே திருப்பி வைப்பார். எண்களை எழுதும் முறை, நடை, நேரம், டப்பாவின் தரம் எல்லாவற்றிலும் இந்தத் தீவுக்கென்று தனிக் கணக்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எண்களில் வரும் பிசகு

ஜியோகேச்சிங்கில் பாகையும் தசம நிமிடமும்தான் வழக்கம். ஃபூர்னேஸ் உச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத் தளங்களில் அது தெற்கு 21.244, கிழக்கு 55.708 என்று தசமப் பாகையில் வரும். தசமப் பகுதியை 60-ஆல் பெருக்கினால் தெற்கு 21° 14.64, கிழக்கு 55° 42.48. இந்தப் பெருக்கலை மறந்து 21.244-ஐ 21° 24.4 என்று அடித்தால் புள்ளி 18 கிலோமீட்டர் தெற்கே போய்க் கடலில் விழும். கருவியில் வடக்கு என்ற எழுத்தைத் தெற்காக மாற்றாமல் விட்டால் ஓமான் மணல்வெளியில் நிற்கும். இந்த இரண்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிற பிழைகள் என்பதால் பாதகமில்லை. மூன்றாவது தசம இலக்கத்தில் வரும் பிழைதான் ஆளைச் சுற்றவைக்கும். அட்சத்தில் 0.001 நிமிடம் என்றால் 1.85 மீட்டர்; இந்தத் தீவு இருக்கும் இடத்தில் தீர்க்கத்தில் 1.73 மீட்டர். அதாவது கடைசி இலக்கம் 5 தவறினால் ஒன்பது மீட்டர் தள்ளிப்போகும். எரிமலைப் பாறையில் ஒன்பது மீட்டர் என்பது நூறு பொந்துகள்.

திசைகாட்டியை வைத்து அடுத்த புள்ளிக்குக் கோணம் போடச் சொல்லும், பல புள்ளிகள் வழியாக டப்பாவுக்குக் கூட்டிப்போகும் மல்டி கேச்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இங்கே காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 19 பாகை விலகி நிற்கிறது. 200 மீட்டருக்குக் கோணம் போட்டால் அந்த விலகல் மட்டுமே 60 மீட்டருக்கும் மேல் ஆளைத் தள்ளிவிடும். கேச்சின் இணையப் பக்கத்தில் எந்த வடக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் உண்மை வடக்கு என்று வைத்துத் தொடங்குவதே சரி. ஐரோப்பாவில் வாங்கிய கைத்திசைகாட்டியின் முள் அங்கிருக்கும் காந்தச் சாய்வுக்கு ஏற்ப எடை போட்டுச் செய்தது. தென்கோளத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து கண்ணாடியில் உரசும். போதாததற்கு, லாவா இறுகி உண்டான பசால்ட் பாறையில் மேக்னடைட் என்ற காந்தத் தாது கலந்திருக்கிறது. புதிய லாவா மேட்டில் திசைகாட்டியைப் பாறை மேலேயே வைத்துப் படித்தால் முள் பல பாகை பிசகக்கூடும். இடுப்பு உயரத்தில் பிடியுங்கள், இரண்டடி நகர்ந்து மறுபடி படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் திசைகாட்டியைப் பையில் போட்டுவிட்டு, நடந்துகொண்டே ஜிபிஎஸ் காட்டும் திசையை நம்புவது மேல்.

150 மீட்டர் என்று காட்டினால்

மாய்தோ காட்சிமுனை ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நின்று மஃபாத் பள்ளத்தைப் பார்த்தால் கீழே ரோஷ் பிளாத் குடியிருப்பின் கூரைகள் தெரியும். கருவி காட்டும் தூரத்தைப் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்வந்துவிடலாம் போலத் தோன்றும். இறங்க வேண்டியது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். திரும்ப ஏற வேண்டியதும் அதே ஆயிரம். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்துதான் போக வேண்டும், சாமான்கள் ஹெலிகாப்டரில் வரும். கருவியின் திசை காட்டும் அம்புக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது.

எங்கள் கணக்கு இது: தூரத்தை ஓரமாக வையுங்கள். ஏற்றம் 300 மீட்டருக்கு ஒரு மணி நேரம், இறக்கம் 400 மீட்டருக்கு ஒரு மணி நேரம், தேடுவதற்கு ஒரு டப்பாவுக்கு 20 நிமிடம். அதற்கு மேல் தேடினால் கிடைக்கிற வாய்ப்பைவிடத் திரும்புகிற வெளிச்சம் குறைவதுதான் அதிகம். இருபது நிமிடத்தில் கிடைக்கவில்லையா, கிடைக்கவில்லை என்று பதிவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தப் பதிவைப் போடச் சங்கடப்படுகிறவர்களால்தான் காணாமல்போன டப்பா மாதக்கணக்கில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கிறது.

பாதை விலகாமல் போவதும் முக்கியம். கருவி 40 மீட்டர் என்று காட்டும். பாதை வளைந்து விலகிப் போவதுபோல் இருக்கும். உடனே புதருக்குள் நுழையத் தோன்றும். நுழையக் கூடாது. பெரும்பாலும் அந்தப் பாதை ஒரு கொண்டையூசி வளைவு போட்டுக் கேச்சுக்கு நேர் கீழேயே வந்துவிடும். குறுக்கே நுழைந்தால் கொய்யாப் புதரும், விஞ் மரோன் என்கிற முள்கொடியும் பிடித்துக்கொள்ளும். அதற்கு அந்தப்பக்கம் ராவீன் எனப்படும் செங்குத்துப் பிளவு இருக்கலாம். இலை மூடியிருந்தால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

கேச்சை அடையும் வழி எவ்வளவு கடினம் என்று காட்ட நிலத்தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுவார்கள். இங்கே பிறந்து மலையேறிப் பழகியவர்கள் போட்ட 3, மற்றவர்களுக்கு 4. மழைக்காலத்தில் இன்னும் அரைப் புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள்.

1:25,000 அளவில் பிரான்ஸின் வரைபட நிறுவனமான ஐஜிஎன் தீவு முழுவதையும் ஆறு தாள்களில் போட்டிருக்கிறது. எரிமலைப் பகுதிக்கு 4406ஆம் எண் தாள். கைபேசியில் அதே வரைபடத்தை இறக்கிவைத்துக்கொண்டாலும் தாளையும் எடுத்துப்போவது நல்லது. பள்ளங்களுக்குள் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். கேச் விவரம், குறிப்பு, முந்தைய பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே இறக்கிவையுங்கள். பாதை மூடியிருக்கிறதா என்பதைக் காட்டுத்துறையின் தளத்தில் பாருங்கள். கல் சரிந்து மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் பாதைகள் எப்போதும் நாலைந்தாவது இருக்கும். கேச்சின் இணையப் பக்கத்தில் அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

செங்குத்துச் சுவரோரம் ஜிபிஎஸ் தடுமாறும். வானத்தில் பாதி மறைந்திருக்கும், மீதிச் சமிக்ஞை பாறையில் பட்டு எதிரொலித்து வரும். கருவி 5 மீட்டர் துல்லியம் என்று சொன்னாலும் 20 மீட்டர் தள்ளி நிற்கும். இரட்டை அலைவரிசை வாங்கும் கருவிக்கு இங்கே காசு கொடுப்பது வீண்போகாது. அது இல்லாதவர்கள் சுவரைவிட்டு விலகி வெட்டவெளிக்கு வந்து, அங்கிருந்து தூரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு உள்ளே போகலாம்.

மேகம் ஏறும் நேரம்

காலையில் தீவு முழுக்கத் தெளிவாக இருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கடற்காற்று சரிவில் ஏறி மேகமாகும். நண்பகலுக்குள் மலைப்பகுதி மூடிவிடும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். அதனால் உயரத்தில் இருப்பதை முதலில் எடுத்துவிட்டு, பிற்பகலில் கடற்கரைக்கு இறங்குங்கள். பயணிகள் பலர் கடற்கரையில் நிதானமாகத் தொடங்கி, மதியத்துக்கு மேல் எரிமலைக்குப் போய், பத்தடி தூரம்கூடத் தெரியாத வெள்ளைக்குள் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

கிழக்கும் மேற்கும் இரண்டு நாடுகள் போல. மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். கிழக்கே சேந்த்-ரோஸ் மலைச்சரிவில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் மழை பெய்யும். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் எரிவாய்ப் பகுதியில் மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர் பெய்தது. உலகச் சாதனையாக அது இன்றும் நிற்கிறது. தேடலுக்கு மே முதல் நவம்பர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் எரிமலைச் சமவெளியான பிளேன் தே சாப்லில் விடியற்காலையில் உறைபனி படியும். வெப்பமண்டலத் தீவுதானே என்று அரைக்கால் சட்டையோடு வருகிறவர்கள் அங்கே காரை விட்டு இறங்குவதில்லை.

எரிமலைக்குள்

பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பில் (2,311 மீட்டர்) வண்டியை நிறுத்திவிட்டு, 500-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆங்க்லோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும், எரிமலையைச் சூழ்ந்த பெருவட்டப் பள்ளத்துக்குள் வந்துவிடலாம். அரை மணி நேரத்தில் ஃபோர்மிகா லியோ. 1753-இல் உண்டான செந்நிறச் சிறுகூம்பு. உச்சிக் காட்சிமுனை வரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரம். வழி நெடுகப் பாறைமேல் வெள்ளைப் புள்ளிகள் வரைந்திருக்கும். மேகம் இறங்கினால் அடுத்த புள்ளி தெரிகிற வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள். குழுவாகப் போனால் ஒருவர் புள்ளிமேல் நிற்க, மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் அடுத்ததைத் தேட வேண்டும். கேச் எடுக்கப் புள்ளிவழியை விட்டு விலகுவதானால் விலகும் இடத்தை முதலில் கருவியில் குறித்துவையுங்கள். எல்லாத் திசையும் ஒரே கருப்பாக இருக்கும் இடம் அது.

ஆங்க்லோவுக்குள் தண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. தலைக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். கையுறை கட்டாயம். லாவா இரண்டு விதம். ஒன்று முள்முள்ளாக நொறுங்கிக் கிடக்கும், ஊர்க்காரர்கள் கிரத்தோன் என்பார்கள். கை ஊன்றினால் கண்ணாடிச் சில்லுபோல் கிழிக்கும். மற்றது கயிறு திரித்ததுபோல் வழவழப்பாக உறைந்தது. பார்க்கச் சாதுவாக இருக்கும் இந்த இரண்டாவதைத்தான் நம்பக் கூடாது. மேல்தோல் உறைந்த பிறகு உள்ளே இருந்த குழம்பு வடிந்து ஓடியிருக்கும். சில இடங்களில் கீழே வெற்றிடம். காலடி ஓசை மாறி டொக்கென்று கேட்டால் பின்வாங்குங்கள்.

எரிமலை ஏறத்தாழ ஆண்டுதோறும் வெடிக்கிறது. நிலநடுக்க அறிகுறி கூடியதும் அரசு நிர்வாகம் படிக்கட்டின் கதவைப் பூட்டிவிடும். வெடிப்பு அடங்கிய பிறகும் பல நாள் திறக்காமல் இருக்கலாம். எனவே ஆங்க்லோவை மட்டும் நம்பிப் பயணத்தைப் போடாதீர்கள். கிளம்பும் காலையில் நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பூட்டிய கதவைத் தாண்டிப்போய்ப் பதிவு போட்டவர்களின் பதிவை நீக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

டப்பாவே இல்லாத எர்த்கேச்தான் இந்தத் தீவுக்கு மிகவும் பொருந்துகிற வகை. ஓர் இடத்துக்குப் போய் நிலவியல் கேள்விகளுக்கு நேரில் பார்த்து விடை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நனைவதற்கோ உடைவதற்கோ களவு போவதற்கோ எதுவுமில்லை. பொருளுக்கும் பஞ்சமில்லை: 2007 ஏப்ரல் வெடிப்பில் தொலோமியே எரிவாயின் தளம் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்வாங்கியது, அதே வெடிப்பின் லாவா தேசிய நெடுஞ்சாலையை மறித்துக் கடலில் இறங்கித் தீவுக்குப் புது நிலம் சேர்த்தது, பாசேன் லா பேயில் ஆறுபக்கத் தூண்களாகப் பிளந்து நிற்கும் பசால்ட். 1977-இல் பித்தோன் சேந்த்-ரோஸ் ஊரில் தேவாலய வாசலை முட்டி நின்ற லாவாவைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம் என்பதால் பலர் விடையை இணையத்தில் தேடி எழுதிவிடுகிறார்கள். எர்த்கேச் போடுகிறவர்கள் கேள்வியைக் கையால் தொட்டு, அளந்து, எண்ணிச் சொல்லும்படி வைக்க வேண்டும். குமிழ்த்துளைகள் மேல்பக்கம் அதிகமா கீழ்ப்பக்கம் அதிகமா, பச்சை ஆலிவின் படிகத்தில் பெரியது எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் வந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

கையை எங்கே விடுவது

ரீயூனியனில் மனிதனைக் கொல்லும் பாம்பு கிடையாது. அந்தத் தைரியத்தில் பொந்துக்குள் கையை விடுகிறார்கள். பூரான் இருக்கிறது, கடித்தால் ஒரு நாள் முழுக்கக் கடுக்கும். பாபூக் என்று சொல்லும் உள்ளங்கையளவு சிலந்தி இருக்கிறது. ஒன்றும் செய்யாது, பயத்தில் கையை உதறிப் பாறையில் அடித்துக்கொள்வதுதான் காயம். மஞ்சள் குளவி புதர்க்கிளையின் அடியில் தாள் கூடு கட்டும். கையை நீட்டும் முன் கிளையை ஒரு குச்சியால் மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டு மூன்று எண்ணுங்கள்.

உண்மையான ஆபத்து எலி மூத்திரம். லெப்டோஸ்பைரோசிஸ் இங்கே ஆண்டுதோறும் வரும் நோய், மழைக்காலத்தில் கூடும். ஈரமான பொந்து, கல்லிடுக்கு, கரும்புக்காட்டு ஓரம் என்று டப்பா ஒளிக்கும் இடங்கள் அத்தனையும் எலி உலவும் இடங்கள். லாவாவில் கிழித்த கையோடு அதற்குள் துழாவினால் கிருமிக்குக் கதவு திறந்ததுபோல்தான். ரப்பர் பூசிய மெல்லிய தோட்டக் கையுறை போதும். எடுத்த பிறகு சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் பொந்தில் கை விட்டதைச் சொல்லுங்கள். டெங்கு என்று நினைத்து நாள் தள்ளிப்போகாமல் இருக்கும்.

டப்பா

வேறு ஊர்களில் மூன்று ஆண்டு தாங்கும் டப்பா இங்கே ஒரு மழைக்காலத்தில் கூழாகிவிடும். காரணம் மழையின் அளவு மட்டுமென்று நினைக்கிறார்கள். நாங்கள் குற்றம் சொல்வது வெயிலும் மழையும் மாறி மாறி வருவதை. கருப்பு டப்பா வெயிலில் சூடாகும், உள்ளே காற்று விரிந்து மூடி வழியாக வெளியேறும். பிறகு திடீரென்று சாரல் அடித்து டப்பா குளிரும், உள்காற்று சுருங்கும், மூடியைச் சுற்றி நிற்கும் தண்ணீரை அதுவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இப்படி நடந்தால் எந்த அழுத்து மூடியும் தாங்காது. பழைய ஃபிலிம் டப்பா இங்கே உதவாததற்கு இதுவே காரணம்.

ஆகவே சோதனையும் அப்படியே இருக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூ தாளும், மிதக்காமல் இருக்க ஒரு கல்லும் போட்டு மூடுங்கள். கை பொறுக்கும் சூடான தண்ணீரில் பத்து நிமிடம். எடுத்த கையோடு ஐஸ் போட்ட வாளிக்குள் அமிழ்த்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெளியே துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தாளின் ஓரம் ஒட்டினால்கூட அந்த டப்பாவைச் சமையலறைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேறுகிறவை எவை? முதலிடம் அரை லிட்டர், ஒரு லிட்டர் அளவில் வரும் அகலவாய்ப் பாலித்தீன் புட்டி, ஆய்வுக்கூடங்களில் ரசாயனம் வைப்பார்களே அது. கெட்டியான திருகு மூடி, உடையாது. சிறியதில் பெட் ப்ரீஃபார்ம்: குளிர்பான பாட்டிலை ஊதும் முன் இருக்கும் தடித்த குழாய், 10 முதல் 15 செண்டிமீட்டர் நீளம். மூடிக்குள் மெல்லிய உறை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நாலு பக்கமும் கொக்கி போட்ட உணவு டப்பா நிழலில் இருந்தால் சரி. வெயிலில் கொக்கியின் கீல்தான் முதலில் நொறுங்கும், ஒரு கொக்கி போனால் ரப்பர் வளையம் சமமாக அழுந்தாது. ராணுவக் குண்டுப் பெட்டி உள்நாட்டுக் காடுகளில் நன்றாக உழைக்கும். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வைத்தால் அடிப்பக்கம் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு தொடங்கி அப்படியே ஓட்டையாகிவிடும்.

அலுமினியச் சிறுகுழாய்களில் உப்புக்காற்று திருகுமறையைப் பூட்டிவிடும், இடுக்கி இல்லாமல் திறக்காது. மறையில் கொஞ்சம் சிலிகோன் கிரீஸ் தடவினால் ஆயுள் கூடும். காந்த டப்பாக்கள் பாலங்களிலும் கம்பித் தடுப்புகளிலும் மட்டும். லேத்தான்-சலே கடற்கரையின் கருமணலில் மேக்னடைட் துகள் நிறைய. காந்த டப்பா ஒருமுறை கீழே விழுந்தால் போதும், காந்தமெல்லாம் கருப்பு மயிர் முளைத்ததுபோல் துகள் ஒட்டி நிற்கும். துடைத்தால் போகாது. அதில் நாலு துகள் மறைக்குள் புகுந்தால் திருகும்போதெல்லாம் அரைத்து அரைத்து மூடி லொடலொடவென்று ஆகிவிடும். அகலமான செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் பெரும்பாலும் சுத்தமாகும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் வேண்டவே வேண்டாம். இந்த ஈரத்தில் டப்பாவை நாலு தடவை திறந்தால் அது குடிக்கும் அளவு குடித்து முடித்திருக்கும். அப்புறம் வெயிலில் சூடாகும்போது குடித்ததையே திருப்பி உள்ளே விடும். பதிவுத்தாள் நீர் ஏறாத தாளாக இருக்கட்டும், கூடவே சிறு பென்சில். பேனா மை கசியும். ஜிப் பை ஒன்று போதும், அதில் தாள் மட்டும். பைக்குள் பை போட்டால் நடுவில் தேங்கும் தண்ணீர் வற்றுவதே இல்லை. ஓரம் மூடியில் மாட்டிக்கொண்டால் டப்பா அங்கேயே கசியும், ஆகவே மூடும்போது பையை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டுத் திருகுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. லாவா என்றால் கருப்பு என்று எல்லோரும் கருப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கருப்பு சூடு பிடிக்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நிறமே பொருந்தாது. சில ஆண்டுகள் கழிந்த லாவாவின் மேல் ஸ்டீரியோகோலான் என்ற லைக்கன் (கற்பாசி) சாம்பல் வெள்ளையில் படர்ந்துவிடும். லாவா கடலுக்கு இறங்கும் கிழக்குச் சரிவான கிரான் ப்ரூலே பகுதியில் ஓட்டத்தின் வயதையே இந்த வெளுப்பை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். மினுமினுப்பில்லாத சாம்பல் பெயிண்ட் அடித்து, காயும் முன் பஞ்சால் அங்கங்கே ஒற்றி வெளிறிய திட்டு போட்டால் மூன்றடியில் நின்றாலும் தெரியாது. அசல் லைக்கனைச் சுரண்டி ஒட்டாதீர்கள். வெறும் பாறையில் காட்டுக்கு முதல் விதை போடுவது அதுதான்.

எங்கே வைக்கக் கூடாது

அடுத்த கேச்சிலிருந்து 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், மண்ணைத் தோண்டக் கூடாது, இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், உணவுப் பொருள் கூடாது. இவை எல்லா ஊருக்கும் பொதுவான விதிகள். இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தேசியப் பூங்கா. 2007-இல் அமைந்தது, அதன் மையப்பகுதி மட்டும் தீவில் ஏறத்தாழ 42 சதவீதம். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மையப்பகுதிக்குள் எந்த டப்பாவுக்கும் முதலில் பூங்காவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், பிறகு டப்பா வாங்குங்கள்.

ராவீன் படுகையில் வைக்காதீர்கள். ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் படுகை, மலையில் மழை பெய்தால் கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே பொங்கி வரும். சாலை படுகையை நேராகக் கடக்கும் தாழ்பாலங்களில் காரோடு அடித்துப்போவது இப்படித்தான். தேடுகிறவர்களுக்கும் அதே விதி: தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகு மிதந்து வந்தால், உடனே மேலே ஏறிவிடுங்கள்.

தென்கரைப் பாறைகளில் அலைதான் எமன். மே முதல் அக்டோபர் வரை தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய பேரலை காற்றே இல்லாத நாளிலும் சேன்-ஃபிலிப் பக்கம் வந்து அறையும். பாறையில் ஈரக்கோடு எதுவரை என்று பாருங்கள், பதினைந்து நிமிடம் அலைகளைக் கவனித்த பிறகே இறங்குங்கள். டப்பாவைத் தாழைப் புதருக்கு உள்பக்கம்தான் வைக்க வேண்டும்.

கரும்புக்காட்டு ஓரத்தைக் குறிப்பாகக் கொடுக்காதீர்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை வெட்டு நடக்கும். இன்று இரண்டரை மீட்டர் சுவராக நிற்பது அடுத்த வாரம் வெட்டவெளி. அதே காடுகளின் ஓரத்தில்தான் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வழிவந்த மல்பார் மக்கள் வைத்த சிறு கோயில்களும் இருக்கின்றன. சூலம், மஞ்சள் துணி, கற்பூரக் கரி என்று நம் கண்ணுக்குப் பார்த்தவுடன் புரியும். மற்ற தேடுநர்களுக்குப் புரியாது. சாலையோரம் செக்கச்செவேல் என்று நிற்கும் சின்னக் குடில்கள் சேன் எக்ஸ்பெதி என்ற புனிதருடையவை. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் கல்லைப் புரட்டுகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 50 மீட்டருக்குள் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

விடுமுறைக்கு வந்தவர்கள் நினைவாக ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போக ஆசைப்படுவார்கள். பராமரிக்க ஆள் இல்லாத கேச்சை, புதுக் கேச்களைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவர் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. இங்கே வசிப்பவர் எவராவது பொறுப்பெடுத்துக்கொண்டால் அவர் பெயரைப் பக்கத்திலேயே எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், வேறெதுவும் இல்லாவிட்டால் ஏப்ரல் இறுதியில் ஒரு தடவையும், போய்ப் பார்க்க முடிகிற எண்ணிக்கையில் மட்டும் வையுங்கள். மூடி போன டப்பாவை அப்படியே விட்டுவிட்டுக் கணினியில் மட்டும் கேச்சை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தேங்கும் அரை டம்ளர் தண்ணீர் புலிக்கொசுவுக்குப் போதும். 2005-06 சிக்குன்குன்யாவில் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் படுத்தது இந்தக் கொசுவால்தான். யாருடைய டப்பாவானாலும் சரி, உடைந்து திறந்து கிடந்தால் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள், தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். கேச் ஏற்கெனவே மூடப்பட்டது என்று தெரிந்தால் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.